துருவின் முனகலைக் கேட்க எந்தப் பவர் சப்ளை?

“அண்ணே, எவர்சில்வர் பேசுதுண்ணே” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தான் அந்தத் தம்பி. துரு ஆராய்ச்சி செய்கிற பையன். உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்த எவர்சில்வர் துண்டின் மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் உயரத்துக்கு மெல்ல எழுந்து மெல்ல விழுந்துகொண்டிருந்தது. காலையில் வேகமாக, மதியம் சோம்பலாக, சாயங்காலம் மறுபடி வேகமாக. உலோகத்தில் ஊசிமுனைக் குழிகள் விழத் தொடங்கிவிட்டன என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கருவியை வாங்கிப் பார்த்தேன். சோப்பு டப்பா அளவுள்ள பெட்டி. உள்ளே கறுப்பாக இரண்டு சின்ன டிசி-டிசி மாட்யூல்கள் (ஒரு டிசி வோல்டேஜை இன்னொன்றாக மாற்றுபவை) பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று, சின்ன சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்பு ஐசிக்களுக்கு ±12 வோல்ட் தருவது, இன்னொன்று லேப்டாப்போடு பேசும் பகுதிக்கு 5 வோல்ட் தருவது. குனிந்து ஒரு மாட்யூல் மேல் வாயால் ஊதினேன். திரையில் அலை அவசரமாகத் துடித்தது. ஊதுவதை நிறுத்தியதும் பழையபடி சோம்பல்.

“எவர்சில்வர் பேசலைப்பா, உன் சப்ளை பேசுது.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வார அளவீடு.

காரைக்குடியில் துரு ஆராய்ச்சி என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் வாயில் ‘சிக்ரி’, இங்கேதான் இருக்கிறது. அதையும் கல்லூரிகளையும் சுற்றி, கருவி பழுது பார்ப்பவர்கள், சின்னச் சின்னதாய்க் கருவி கட்டித் தருபவர்கள் என்று என்னைப் போல் சிலர் பிழைக்கிறோம். ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறை என் பட்டறை. காலடியில் ஆத்தங்குடிக் கல், தலைக்கு மேல் பர்மாத் தேக்கு, நடுவில் நானும் சால்டரிங் அயனும்.

தம்பியின் கதையை எழுதக் காரணம், ‘இரைச்சல் குறைந்த, தனிமைப்படுத்திய பவர் சப்ளை’ என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் தவறான எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான். டேட்டாஷீட்டில் ரிப்பிள், அதாவது வெளியீட்டில் மிச்சம் நிற்கும் அலை, எத்தனை மில்லிவோல்ட் என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு.

தேவை என்ன

உலோகம் துருப்பிடிக்கும்போது அதன் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தாமாகவே கொஞ்சம் தள்ளாடும். மைக்ரோவோல்ட்டிலிருந்து மில்லிவோல்ட் வரை, நானோஆம்பியர் அளவில், பெரும்பாலும் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே. குழி விழுகிற துருவுக்கு ஒரு தள்ளாட்டம், சீராக அரிக்கிற துருவுக்கு வேறொரு தள்ளாட்டம். அதைப் பதிந்து பகுப்பதற்கே மின்வேதி இரைச்சல் அளவீடு என்று பெயர். மற்றவர்களுக்கு இரைச்சல் ஒரு தொல்லை. இவர்களுக்கு இரைச்சல்தான் செய்தி. அதனால்தான் சப்ளையின் இரைச்சல் இவர்களை ஏமாற்றுகிற மாதிரி வேறு யாரையும் ஏமாற்றுவதில்லை. குரலை மறைத்தாலாவது கண்டுபிடித்துவிடலாம், குரல் மாதிரியே பேசினால் என்ன செய்வது?

தம்பிக்கு ஆய்வுக்கூட மேசை மட்டும் போதாது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் கடற்கரையில் நிற்கிற கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பியையும் அளக்கவேண்டும். அந்தக் கம்பி பூமியோடு தொடர்பில் இருக்கிறது. கருவியின் கிரவுண்டும் பூமியோடு சேர்ந்தால் அளவீடே பொய். ஆகவே அளக்கும் பகுதி எதனோடும் ஒட்டாமல் மிதக்கவேண்டும். உள்ளே வருவது 12 வோல்ட்: மேசையில் அடாப்டரிலிருந்து, வெளியூரில் பேட்டரியிலிருந்து. வெளியே வேண்டியது ±12 வோல்ட், பக்கத்துக்கு 50 மில்லிஆம்பியர். மொத்தம் 1.2 வாட். வாட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. இந்தச் சின்னத்தனம்தான் நமக்குக் கிடைக்கிற பெரிய சலுகை, திறனை வீணடிக்கலாம்.

தடுப்பைத் தாண்டி வருவது

இப்படி மிதக்கவிடத் தடுப்பாக நிற்பது டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரண்டு வைண்டிங்குகளுக்கு (கம்பிச் சுற்றுகளுக்கு) நடுவே கம்பித் தொடர்பு இல்லை என்பதால் மின்சாரம் தாண்டாது என்று நினைக்கிறோம். இரண்டு செம்புப் பரப்புகள் அருகருகே இருந்தால் அது கெப்பாசிட்டர்தான், பெயர் எதுவாக இருந்தாலும். ஒரு பக்கம் வோல்டேஜ் குதித்தால், குதிக்கிற வேகத்தை அந்தக் கெப்பாசிட்டன்ஸால் பெருக்கினால் வருகிற மின்னோட்டம் அந்தப் பக்கம் போய்விடும்.

எண் போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரண ஃப்ளைபேக், அதாவது ஒரே ஸ்விட்ச் டிரான்ஸ்ஃபார்மரைத் தட்டுகிற சப்ளை. ஸ்விட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் அணையும்போது அதன் டிரெய்ன் கால் 40 வோல்ட் குதிக்கிறது, 20 நானோவினாடியில். அதாவது நானோவினாடிக்கு 2 வோல்ட். வைண்டிங்குகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றியதால் நடுவே 60 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 120 மில்லிஆம்பியர். ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த 20 நானோவினாடிக்கு 120 மில்லிஆம்பியர் தடுப்பைத் தாண்டி, அளக்கும் பகுதியின் கிரவுண்ட் வழியாக, கேபிள் வழியாக, உப்புத் தண்ணீர் வழியாக, பூமி வழியாகத் தன் வீடு திரும்புகிறது. நாம் அளப்பது நானோஆம்பியர்.

வெளியீட்டில் எத்தனை ஃபில்டர் போட்டாலும் இது அசையாது. ஃபில்டர் பார்ப்பது பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே உள்ளதை. இது பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்றையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஆப்-ஆம்பு இத்தனை வேகத்தில் எதையும் சமாளிக்காது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சந்திகள் அதை ரெக்டிஃபை செய்து டிசி நகர்வாக மாற்றிவிடும். மெகாஹெர்ட்ஸில் உள்ளே போனது, ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெளியே வருகிறது.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் கேட்கப்போவது மூன்றே கேள்வி. வோல்டேஜ் எவ்வளவு வேகமாகக் குதிக்கிறது? இரண்டு பக்கத்துக்கும் நடுவே எத்தனை பிகோஃபாரட்? ஸ்விட்சிங் வேகம் என் கையில் இருக்கிறதா, அதன் இஷ்டத்துக்கு அலைகிறதா?

பேட்டரி

மூன்று கேள்விக்கும் முதல் மதிப்பெண். குதிப்பு இல்லை, தடுப்பே இல்லை, வேகம் இல்லை. 14.8 வோல்ட் லித்தியம் பேக் இரண்டு, தலா 2500 மில்லிஆம்பியர்-மணி என்றால் 50 மணி நேரம் ஓடும். தம்பியின் சோதனை ஒரு வாரம் ஓடுவது. நடுவில் சார்ஜ் போட்டால் சார்ஜர் வழியாகப் பழைய கதை திரும்ப வரும். இரண்டு ஜோடி வைத்து மாற்றினால், மாற்றுகிற கணத்தில் பதிவில் ஒரு பள்ளம்.

வேலைக்கு ஆகாது, ஆனால் கையில் ஒரு ஜோடி இருந்தே ஆகவேண்டும். நகைக்கடையில் உரைகல் இருக்கிற மாதிரி. எந்த சப்ளையைக் கட்டினாலும் பேட்டரியோடு பதிந்த கோட்டையும் அதோடு பதிந்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். தம்பி முதல் நாளே இதைச் செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்

இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு ஆய்வுக்கூட மேசையை விட்டு நகராத கருவி என்றால், இரண்டு அறை வைத்த பாபினில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர்கள், 7812, 7912 என்ற ரெகுலேட்டர்கள். முடிந்தது வேலை. பாதிக்குப் பாதி சூடாகப் போகும், போகட்டும். மிச்சம் இருப்பது 50ம் 100ம் ஹெர்ட்ஸ்தான். ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே அளப்பவனுக்கு அதைக் கழிப்பது கஷ்டமில்லை.

இரண்டு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் வைண்டிங்குகள் ஒன்றன்மேல் ஒன்று. நடுவே 300 பிகோஃபாரட் இருந்தால், 230 வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 20 மைக்ரோஆம்பியருக்கு மேல் தாண்டும். அதனால்தான் அறை பிரித்த பாபின். பழைய செட்டிநாட்டு வீட்டில் அடுப்படியைக் கடைசிக் கட்டில் வைத்ததும் இதே கணக்குதான். முகப்பில் உட்கார்ந்திருக்கிறவர் மூக்கில் புகை ஏறக்கூடாது. அடுத்து, சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் போடும் நேரத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும் ஊராக இருந்தால், அதற்கும் சேர்த்து செகண்டரி வோல்டேஜைக் கூட்டி வைக்கவேண்டும்.

தம்பிக்கு இது ஏன் இல்லை? மண்டபம் கடற்கரையில் பிளக் பாயிண்ட் இல்லை.

ரெடிமேட் மாட்யூல்

பெட்டியைத் திறந்தவுடன் நான் பார்த்தது இதைத்தான். ஒரு வாட், நான்கைந்து கால்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அவசரத்துக்கு யாரும் இதைத்தான் வாங்குவார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். கெப்பாசிட்டன்ஸில் பெரிய குறை சொல்ல முடியாது. சில பத்து பிகோஃபாரட்தான். குதிப்பை மெதுவாக்க வழி இல்லை. லோடு இல்லாவிட்டால் வெளியீட்டு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும் வகைகள் உண்டு. ஒரு முறை அப்படி ஏறி என் ஆப்-ஆம்பு ஒன்று போய்ச் சேர்ந்தது. டேட்டாஷீட்டின் மூலையில் ‘குறைந்தது பத்து சதவீத லோடு’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

உண்மையான வினை மூன்றாவது கேள்வியில். இவற்றில் பெரும்பாலானவை தாமாக ஊசலாடுபவை. சூடு ஏறினால் வேகம் மாறும், லோடு மாறினால் வேகம் மாறும். ஒரே ரகத்தில் இரண்டை அருகருகே வைத்தால் இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றல்ல. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து இரண்டு வைத்து, ஒன்று மயிரிழை சுருதி விலகினால் என்ன ஆகும்? தனித்தனிச் சத்தம் கேட்காது. விம்மி விம்மி ஒரு அலை கேட்கும். தம்பி பார்த்தது அந்த விம்மல். காலையில் அறை குளிர்ச்சி, மதியம் சூடு, சாயங்காலம் மறுபடி குளிர்ச்சி; மாட்யூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதற்கேற்ப விலகி நெருங்கியிருக்கிறது. நான் ஊதியபோது ஒன்று குளிர்ந்து, சுருதி இன்னும் விலகி, விம்மல் வேகமானது.

மாட்யூல் ஒன்றே ஒன்று இருந்தாலும் தப்ப முடியாது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி வினாடிக்கு 1000 முறை மாதிரி எடுக்கிறது என்றால், ஆயிரத்தின் மடங்குக்கு அருகே மாட்யூலின் வேகம் வரும்போதெல்லாம், அந்தச் சின்ன வித்தியாசம் மெதுவான அலையாக மடங்கி விழும். அது உலோகத்தின் அலையா, மாட்யூலின் அலையா என்று பதிவில் எந்த முத்திரையும் இருக்காது.

ஃப்ளைபேக்

செல்போன் சார்ஜரிலிருந்து டிவி வரை இதுதான் ராஜா. ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஸ்விட்ச், விலை குறைவு, எத்தனை வெளியீடு வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த வேலைக்கு மட்டும் சரிப்படாது. 120 மில்லிஆம்பியர் கணக்கை மேலேயே பார்த்தோம். ஒற்றைக் கையால் தட்டுகிற தட்டு என்பதால், அதை ஈடுகட்ட எதிர்த் தட்டு கிடையாது. வைண்டிங்குகளைத் தள்ளி வைத்துக் கெப்பாசிட்டன்ஸைக் குறைத்தால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (ஒரு வைண்டிங்கிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேராத காந்தப் பங்கு) கூடி, டிரெய்னில் முள் முள்ளாக வோல்டேஜ் எழும். அதை அடக்க ஸ்னப்பர் என்று ஒரு சின்னச் சுற்று. நெருக்கிச் சுற்றினால் மறுபடி கெப்பாசிட்டன்ஸ்.

இதற்கு வழக்கமான மருந்து, இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ஒய் கெப்பாசிட்டர். தாண்டிப் போன மின்னோட்டம் ஊரைச் சுற்றாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். சார்ஜருக்கு அருமையான வைத்தியம்; நமக்கு வைத்தியமே வியாதி. ஒரு நானோஃபாரட் போட்டால், 230 வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 72 மைக்ரோஆம்பியர் தாண்டும். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது அதன் உலோக மேல்மூடியைப் புறங்கையால் மெல்லத் தடவினால் சுர்ர் என்று ஒரு நடுக்கம் தெரியுமே, அது அந்தக் கெப்பாசிட்டர் வேலைதான். மூன்றாவது கால் இல்லாத அடாப்டரின் வெளியீடு முழுவதும் லைன் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும்.

இதை மனதில் வையுங்கள். நம் 12 வோல்ட் அடாப்டரும் அந்த ஜாதிதான். நாம் என்ன அருமையாகத் தடுப்பு கட்டினாலும், இன்புட் பக்கமே 115 வோல்ட்டில் ஆடினால் 20 பிகோஃபாரட் வழியாக 0.7 மைக்ரோஆம்பியர் உள்ளே வரும். மருந்து எளிது: இன்புட் பக்கத்து சீரோ வோல்ட்டை எர்த்தில் கட்டிவிடு. மிதக்கவேண்டியது இரண்டாவது பக்கம்தான், முதல் பக்கம் தரையில் இருக்கட்டும்.

சைன் அலை

குதிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கினால்? 1959ல் பீட்டர் பாக்ஸண்டால் சொன்ன சுற்று இது. ராயர் 1950களின் நடுவில் செய்த புஷ்-புல்லில் (இரண்டு ஸ்விட்ச் மாறி மாறித் தட்டும் சுற்றில்), உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு ஒரு சோக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தால் அது சைன் அலையில் பாடத் தொடங்கும். பழைய எல்சிடி மானிட்டர்களின் பின்விளக்கை எரிய வைத்தது இந்தக் குடும்பம்தான்; ஆக்கர்க் கடையில் இன்றும் அந்தப் பலகைகள் கிடக்கின்றன.

12 வோல்ட் கொடுத்தால் கலெக்டரில் உச்சம் 38 வோல்ட் அருகே. 50 கிலோஹெர்ட்ஸில் அது ஏறுகிற அதிகபட்ச வேகம் மைக்ரோவினாடிக்கு 12 வோல்ட். ஃப்ளைபேக்கில் மைக்ரோவினாடிக்கு 2000. எங்கே மலை, எங்கே மடு! போதாததற்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஆடுவதால் தாண்டுகிற மின்னோட்டத்தில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு கேள்வியில் பேட்டரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மூன்றாவதில் விழுந்துவிடுகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது அதன் சொந்தக் காயிலும் கெப்பாசிட்டரும். வெளியிலிருந்து கடிவாளம் போடுவது சிரமம். ஆடியோ ப்ரீஆம்புக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கட்டுவேன். மாதிரி எடுக்கிற கருவிக்கு மனம் வரவில்லை.

எல்எல்சி என்ற ரெசனன்ட் வகை சப்ளை பற்றியும் கேட்பார்கள். நூறு வாட்டுக்கு நல்லது, 1.2 வாட்டுக்கு அது பூனை பிடிக்க யானை.

விளிம்பை மழுக்கிய புஷ்-புல்

ஆகக் கடைசியில் வந்து நின்றது இங்கே. டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கு 12 வோல்ட், இரண்டு ஓரங்களுக்கும் இரண்டு ஸ்விட்ச், மாறி மாறி. ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கும். சமச்சீராகச் சுற்றினால் தடுப்பைத் தாண்டும் இரண்டு மின்னோட்டமும் எதிரெதிர்.

ஸ்விட்சை வேண்டுமென்றே மெதுவாகத் திறந்து மூடவேண்டும். சதுர அலையின் விளிம்பு 20 நானோவினாடி என்றால் அதன் அதிர்வெண் வீச்சு 16 மெகாஹெர்ட்ஸ் வரை தைரியமாகப் போய், அதற்கு மேல்தான் செங்குத்தாகச் சரியும். விளிம்பை 400 நானோவினாடி ஆக்கினால் 800 கிலோஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். நமக்கு 24 வோல்ட் குதிப்பு, 400 நானோவினாடி, 20 பிகோஃபாரட்: 1.2 மில்லிஆம்பியர். சமச்சீரில் பத்தில் ஒன்பது பங்கு அடிபட்டால் மிச்சம் 0.12. ஃப்ளைபேக்கின் 120 எங்கே, இந்த 0.12 எங்கே? ஆயிரத்தில் ஒன்று, ஃபில்டர் என்ற சொல்லையே இன்னும் எடுக்காமல். விலை என்ன? மெதுவாகத் திறக்கும் ஸ்விட்ச் சூடாகும், 1.2 வாட் எடுக்க 2 வாட் கொடுக்க நேரலாம். 0.8 வாட் சூடு இந்தப் பெட்டிக்கு ஒரு பொருட்டா?

இதற்கென்றே ஐசிக்கள் உண்டு. எல்டி1533 வந்தபோது 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்று காட்டி ஆச்சரியப்படுத்தியது. வோல்டேஜ் விளிம்புக்கு ஒரு ரெசிஸ்டர், மின்னோட்ட விளிம்புக்கு ஒரு ரெசிஸ்டர். அதன் தம்பி எல்டி3439 இன்னும் எளிது: ஒரு ஆம்பியர், 20 முதல் 250 கிலோஹெர்ட்ஸ், வெளியிலிருந்து கிளாக் ஏற்கும். விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும். எஸ்என்6505 மலிவு, எளிதில் கிடைக்கும்; ஆனால் அதிகபட்சம் 5.5 வோல்ட் இன்புட், ஆகவே முன்னால் இன்னொரு கன்வெர்ட்டர் வேண்டும். அதில் வேகத்தைத் தானே கொஞ்சம் அலையவிட்டு இரைச்சலைப் பரப்பும் வசதியைப் பெருமையாகச் சொல்வார்கள். ரேடியோ குறுக்கீட்டுச் சோதனையில் தேற அது உதவும். எங்களுக்கு அது ஒரு திருடனைப் பத்துத் திருடனாக்குவது. வெளிக் கிளாக் கொடுத்து அதை நிறுத்தவேண்டும்.

ஐசி இல்லாமலும் செய்யலாம்: இரண்டு சின்ன மாஸ்ஃபெட், கேட்டில் ரெசிஸ்டர், டிரெய்னுக்கும் கேட்டுக்கும் நடுவே சின்னக் கெப்பாசிட்டர், ஓட்டுவதற்கு ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப். இரண்டு ஸ்விட்சும் ஒரே கணத்தில் மின்சாரத்தை விடாதபடி நடுவில் சிறு இடைவெளி விட்டால் போதும். நான் தம்பிக்கு எல்டி3439தான் போட்டேன், காரணம் சோம்பல்.

கட்டியது எப்படி

முதலில் கிளாக். ஏடிசிக்கு 4.096 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதை 4096ஆல் வகுத்து வினாடிக்கு 1000 மாதிரி. 32ஆல் வகுத்து 128 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒவ்வொரு மாதிரியும் ஸ்விட்சிங் அலையின் அதே இடத்தில் விழும். மிச்ச இரைச்சல் மடங்கினாலும் அசையாத ஒரு நிலை எண்ணாகத்தான் மடங்கும், அதைக் கழித்துவிடலாம். தடுப்பைத் தாண்டிக் கிளாக்கைக் கொண்டுவர ஒரு டிஜிட்டல் ஐசொலேட்டர் கூடுதல் செலவு. மொத்த வேலையில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை.

பிறகு டிரான்ஸ்ஃபார்மர். இஇ16 ஃபெரைட் கோர், நடுக்கால் பரப்பு 20 சதுர மில்லிமீட்டர். 12 வோல்ட், அரைச் சுற்றுக்கு 3.9 மைக்ரோவினாடி, ஃபிளக்ஸ் ஊசல் மொத்தம் 0.2 டெஸ்லா என்று போட்டால் 11.7, ஆகவே 12 சுற்று. செகண்டரியில் 15 போதும் என்று கணக்கு சொல்லும். அறை பிரித்த பாபினில் லீக்கேஜ் கூடுதல் என்பதால் அதில் ஒரு வோல்ட் போய்விடும், 16 சுற்றினேன். டயோடு ஷாட்கி.

சுற்றுகிற வேலைக்கு மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடம் போனோம். ஐந்து எச்பி பம்ப் மோட்டாருக்குக் கிலோக் கணக்கில் கம்பி கட்டுகிறவர், என் கட்டைவிரல் நகத்தளவு பாபினைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இது என்ன தம்பி, மூக்குத்திக்குக் காயிலா?” ஆனால் நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிரைமரியின் இரண்டு பாதியையும் தனித்தனியாகச் சுற்றக்கூடாது. இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்து, ஜடை விலகாமல் பன்னிரண்டு சுற்று. பிறகு ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு சேர்த்தால் அதுதான் நடு முனை. செகண்டரிக்கும் அப்படியே, அடுத்த அறையில். சமச்சீர் கணக்கில் வருவதில்லை, அந்த விரல்களில் வருகிறது. கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் நடுவே 20 பிகோஃபாரட்டுக்குள் நின்றது. நான் முன்பு அவசரத்தில் சுற்றிய ஒன்று இதன் இரண்டு மடங்கு காட்டியது.

ஃபில்டர்: பக்கத்துக்கு 47 மைக்ரோஹென்றி, 10 மைக்ரோஃபாரட். 7.3 கிலோஹெர்ட்ஸில் மடங்கும், இரண்டு அரைச் சுற்றுக்கும் ஒன்றாக வரும் 256 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கும். இதைக் கட்டிவிட்டு அப்படியே விட்டால் 7 கிலோஹெர்ட்ஸில் மணி அடித்துக்கொண்டிருக்கும். 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கோடு 2.2 ஓம் தொடராகப் போட்டுக் குறுக்கே வைத்தால் அடங்கும். செராமிக் கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட்டை நம்பவேண்டாம். 15 வோல்ட் ஏறியதும் பாதி காணாமல் போகிற ரகங்கள் இருக்கின்றன. 50 வோல்ட் ரகம் வாங்குங்கள்.

கடைசியில் ரெகுலேட்டர். இங்கே தம்பியோடு சின்ன வாக்குவாதம். அவனுக்கு எல்டி3045 வேண்டும், 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்று படித்திருக்கிறான். அற்புதமான ஐசி, மறுப்பில்லை. ஆனால் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆப்-ஆம்பே சப்ளையின் தள்ளாட்டத்தை லட்சத்தில் ஒரு பங்காக்கிவிடும். அங்கே சாதாரண எல்எம்317ம் 337ம் தாராளம். ஆப்-ஆம்பால் முடியாதது மெகாஹெர்ட்ஸ். அதை விளிம்பிலும் வைண்டிங்கிலும் ஃபில்டரிலும் முன்பே கவனித்தாயிற்று. பணம் இருந்தால் போடு, இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல ஷீல்டு கேபிள் வாங்கு என்றேன். கேபிள் வாங்கினான்.

அளந்த விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தங்கள் ஸ்கோப்பின் இரைச்சலை அளந்துவிட்டு சப்ளையைத் திட்டுகிறார்கள். ப்ரோப்பின் முனையையும் அதன் முதலைக் கிளிப்பையும் ஒரே கிரவுண்டில் வையுங்கள். கோடு தட்டையாக இருக்கவேண்டும். நாங்கள் முதலில் வைத்தபோது 30 மில்லிவோல்ட் முள் தெரிந்தது. இரண்டும் ஒரே இடத்தில்! அந்தக் கிளிப்பின் ஒரு சாண் கம்பிதான் ஆன்டெனா. கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனையோடு ஒட்டிய ஸ்பிரிங்கை வைத்ததும் முள் போய்விட்டது. அதற்குப் பிறகு பார்த்ததுதான் உண்மை.

பேட்டரிக் கோட்டையும் புது சப்ளைக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது எது என்று சொல்லாமல் தம்பியிடம் காட்டினேன். மூன்று முறை கேட்டேன், இரண்டு முறை தப்பாகச் சொன்னான். பக்கத்து வீட்டு ஆச்சி கிரைண்டர் போடுகிறபோது மட்டும் இரண்டு கோட்டிலும் ஒரு முள் எழுந்தது. பேட்டரியிலும் எழுகிறது என்றால் அது சப்ளை வழியாக வரவில்லை, கண்ணாடிக் குடுவையும் கேபிளும் வாங்கிக்கொள்கிறது. குடுவையைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி வைத்து எர்த் செய்ததும் அதுவும் அடங்கியது. பழைய பிஸ்கட் டின்தான்.

போன வாரம் போன் பண்ணினான். “அண்ணே, ஒரு நாள் முழுக்கப் பதிஞ்சிட்டேன். நேர்கோடா வருது. எவர்சில்வர் இப்போ பேசவே மாட்டேங்குதுண்ணே.”

“உப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாருப்பா” என்றேன்.